எஞ்சின் புதுசு, பிரேக் பழசு



எங்கள் தோட்டத்துப் பழைய லேண்ட் ரோவர் ஜீப்புக்கு எஞ்சின் மாற்றிக் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கோயிலடியில் வண்டியை நிறுத்தி, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மூன்று வருடமாகப் புகை கக்கிக்கொண்டு நின்று நின்று ஏறிய வண்டி, அன்று ஸ்டோர் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். டிரைவர் அண்ணன் முகம் மலர்ந்து போயிருந்தது. "இனி ஆஸ்பத்திரிக்கு அரை மணித்தியாலம் போதும் தம்பி" என்றார்.

ஐந்து வாரம் கழிந்தது. ஒரு மழை இரவில் என் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அதே ஜீப்பில் ஏற்றினோம். பின்னால் நானும் என் தங்கச்சியும் அம்மாவை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இறக்கத்தில் நாலாவது வளைவுக்கு முன்னால் டிரைவர் அண்ணன் "புடிச்சிக்கங்க! பிரேக் புடிக்கல!" என்று கத்தினார். மிதி தரையோடு ஒட்டிவிட்டது. அவர் கெட்டிக்காரர். பள்ளத்துப் பக்கம் விடாமல் மண்மேட்டில் வண்டியை உரசி, கானுக்குள் இறக்கி நிறுத்தினார். ஒருவரும் சாகவில்லை. ஆனால் அம்மாவின் வலது தோள் கம்பியில் அடிபட்டு முறிந்தது. ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஒரு முச்சக்கர வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா இன்றும் இருக்கிறார். வலது கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்க முடியாது. முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்த கை அது.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். பிரேக் கட்டைகள் தேய்ந்து ஆணி வெளியே தெரிந்தது. பிரேக் ஒயில் தேநீர்ச் சாயம் போல் கறுத்திருந்தது. எஞ்சினுக்குச் செலவழித்த பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட பிரேக்குக்குப் போகவில்லை. வண்டியின் புத்தகத்தைப் பார்த்தால் அதில் இன்னும் பெட்ரோல் என்றும் பழைய எஞ்சின் இலக்கமும் இருந்தன.

யார் மேல் குற்றம்? நிர்வாகம் எஞ்சினுக்கு மட்டும் பணம் கொடுத்தது. மெக்கானிக் பாஸ் சொன்ன வேலையைச் செய்தார். டிரைவர் அண்ணன் கிடைத்த வண்டியை ஓட்டினார். தேங்காய் உடைத்த நாங்கள் யாரும் "பிரேக் பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த வண்டிகள் ஏன் இன்னும் ஓடுகின்றன?

இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் 1948 இல் வெளிவந்தது. துரைமார் காலத்தில் மலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் மறுபடி கொம்பனிகளின் கைக்குப் போனது. துரைமார் மாறினார்கள், பெயர்ப்பலகைகள் மாறின, ஜீப் மட்டும் மாறவில்லை. பல வண்டிகள் ஏலத்தில் போய், இன்று நம் ஆட்கள் கையில் ஹயர் ஓடுகின்றன. ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் பக்கமும், எல்கடுவை மேட்டிலும், கம்மடுவைப் பக்கமும் மூட்டை ஏற்றவும் ஆள் ஏற்றவும் உல்லாசப் பயணிகளை ஏற்றவும் பழைய ஜீப்புகள் ஓடுவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

காரணம் பாதை. தார்ப்பாதை முடிந்து டிவிஷனுக்குத் திரும்பும் இடத்தில், கல்லும் குழியும் தொடங்கும் இடத்தில், சாதாரண வான் நின்றுவிடும். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் 2016 இல் தொடங்கி இன்று நாடு முழுவதும் இலவசமாக ஓடுகிறது. அதனால் பிழைத்தவர்கள் நம்மிலும் பலர். ஆனால் அது தார்ப்பாதைக்குச் செய்த வண்டி. மழையில் உருண்ட கல்லின் மேல் அது ஏறாது. அது வண்டியின் குறையல்ல, பாதையின் குறை. மண்சரிவு எச்சரிக்கை வரும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் மாத்தளை மாவட்டத்தின் மலைப் பகுதிகளும் பட்டியலில் இருக்கின்றன. அப்படிப்பட்ட இரவில் லயத்து வாசலுக்கு வருவது நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான், அல்லது கொழுந்து லொறி, இல்லாவிட்டால் டிரெக்டர்.

ஆகவே இந்த ஜீப்புகளை ஒழித்துக்கட்டச் சொல்வது என் நோக்கமல்ல. அவற்றுக்கு எஞ்சின் மாற்றுவதையும் நான் எதிர்க்கவில்லை. பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகாது. உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டியை உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய டீசல் எஞ்சினைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்து, கராஜில் வைத்து ஜீப்புக்குள் உட்கார வைப்பது நம் மலையக இளைஞர்களுக்குக் கைவந்த வேலை. ஒரு பட்டறையும் வெல்டிங்கும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்வது சாதாரண காரியமல்ல.

ஆனால் எஞ்சின் மாற்றுவது பாதி வேலை. மீதிப் பாதி பிரேக், கியர், பத்திரம். அந்த மீதிப் பாதியின் மேல்தான் நாம் உட்கார்ந்து போகிறோம்.

மாற்றும்போது என்ன நடக்கிறது?

விஷயம் தெரியாமல் கேள்வி கேட்க முடியாது. ஆகவே கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

பழைய லேண்ட் ரோவரின் 2,286 சீ.சீ. டீசல் எஞ்சின் ஏறத்தாழ 62 குதிரைவலு கொண்டது. அந்த வலுவைக் கணக்கில் வைத்துத்தான் அதன் கியர்பொக்ஸும் அச்சுத் தண்டும் பிரேக்கும் செய்யப்பட்டன. நம் பக்கத்தில் பொதுவாகப் பேசப்படும் ஜப்பான் எஞ்சின்கள் இசுசு 4ஜேபி1 (2,771 சீ.சீ.), டொயோட்டா 3எல் (2,779 சீ.சீ.), நிசான் டீடி27 (2,663 சீ.சீ.) போன்றவை. டர்போ இல்லாத இவை 80, 90 குதிரைவலு அளவில் நிற்கும். டர்போ இருந்தால் இன்னும் கூடும்.

வெளிநாடுகளில் இப்போது பெட்டியில் அடைத்து விற்கும் புத்தம்புதிய எஞ்சின்களும் வந்துவிட்டன. எஞ்சின், அதன் கணினி, வயர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். பழைய ஜீப்பில் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவின் கம்மின்ஸ் கொம்பனி 2016 இல் காட்சிக்கு வைத்த ஆர்2.8 என்ற டீசல் எஞ்சின் இந்த வகையில் பெயர் பெற்றது. 161 குதிரைவலு. முறுக்கு விசை பழைய லேண்ட் ரோவர் டீசலைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. விற்பனைக்கு வந்தபோது விலை ஏறத்தாழ 9,000 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 27 இலட்சம். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால் 2,000 நாள் பெரட்டுக்குப் போன உழைப்பு, அதுவும் கப்பல் கூலியும் வரியும் சேராமல். நம் கையில் அது வரப்போவதில்லை. ஆனால் அந்த எஞ்சினைப் போடுகிறவர்களும் வலு கூடினால் பிரேக்கும் கியரும் கூட வேண்டும் என்ற கணக்கிலிருந்து தப்ப முடியாது. பணம் இருக்கும் இடத்தில் அதைச் செய்கிறார்கள். பணம் இல்லாத இடத்தில் முதலில் வெட்டுவது அதைத்தான்.

எந்த எஞ்சின் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. புதுவகைக் கணினி டீசல் எஞ்சின்களில் எண்ணெய் மிகப் பெரிய அழுத்தத்தில் பாய்கிறது. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கலந்தால் இன்ஜெக்டர் போய்விடும். பழுது என்னவென்று பார்க்கக்கூட ஸ்கேனர் மெஷின் வேண்டும். நடுக்காட்டில் அது கிடைக்காது. பழைய பம்பு வகை டீசலை ஒரு சாவிக்கொத்தும் ஒரு டோர்ச்சும் வைத்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே ஓட வைக்கலாம். தோட்டத்து ஜீப்புக்கு வேகம் வேண்டாம். நின்றுவிடாத எஞ்சின் போதும்.

இனி, விட்டுப்போகும் விஷயங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, பிரேக். பழைய லேண்ட் ரோவருக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய வண்டிகளில் பிரேக் ஒயில் போவது ஒரே குழாய் வழியாக. ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஒயில் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவி வந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. எங்களுக்கு நடந்ததும் அதுதான்.

சூடு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்தேன். ஆளும் மூட்டையுமாக இரண்டு தொன் பாரமுள்ள ஜீப் 500 மீற்றர் உயரம் இறங்கினால், ஏறத்தாழ 30 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு எங்காவது போய்ச் சேர வேண்டும். கல்யாண வீட்டில் அவ்வளவு தண்ணீர் கொதிக்க எத்தனை விறகு பிடிக்கும் என்று நம் பெண்களுக்குத் தெரியும். சின்னக் கியரில் இறங்கினால் அந்தப் பாரத்தில் பெரும்பகுதியை எஞ்சின் தாங்கும். பெரிய கியரில் மிதியை அமுக்கிக்கொண்டே இறங்கினால் எல்லாம் நாலு டிரம்முக்குள் போகும்.

இங்கேதான் புதிய எஞ்சின் ஆளை ஏமாற்றுகிறது. பழைய எஞ்சின் மேட்டில் முனகும், இறக்கத்திலும் டிரைவர் பயந்து பயந்து இறங்குவார். புதிய எஞ்சின் மேட்டில் பறக்கும், அந்த உற்சாகம் இறக்கத்திலும் கூடவே வரும். 30 கிலோமீற்றர் வேகத்தில் போன வண்டி 45 இல் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் நிறுத்தத் தேவையான சக்தி இரண்டேகால் மடங்கு. பிரேக்குக்கு இந்தக் கணக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, வெற்றிடப் பம்பு. மிதியை இலேசாக்கும் பூஸ்டர் உள்ள வண்டிகளில், பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும் வழியிலிருந்து பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கும். டீசல் எஞ்சினில் அப்படிக் கிடைக்காது. அதற்குத் தனியாக ஒரு பம்பு வேண்டும். பல ஜப்பான் டீசல் எஞ்சின்களில் அது டைனமோவுக்குப் பின்னால் பொருத்தியே வரும். பெட்ரோலை எடுத்துவிட்டு டீசலைப் போட்டவர் அந்தப் பம்பைக் கழற்றி வைத்தாலோ, குழாயைச் சரியாகப் பூட்டாவிட்டாலோ, பூஸ்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். முழுப் பலத்தோடு மிதித்தாலும் பாதிதான் பிடிக்கும்.

மூன்றாவது, கைபிரேக்கும் அச்சுத் தண்டும். பழைய லேண்ட் ரோவரில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பொக்ஸுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. வலு கூடிய எஞ்சின் போட்டு மேட்டில் பாரத்தோடு இழுத்தால், பின் அச்சுத் தண்டு முறிவது அந்த வண்டிகளில் தெரிந்த வருத்தம். முன் சக்கர இழுவை போடாத நேரத்தில் அது முறிந்தால் இழுவையும் போகும், அதோடு கைபிரேக்கும் போகும். இரண்டும் ஒரே தண்டில் தொங்குகின்றன என்பதைப் பல பேர் அறிவதில்லை.

நான்காவது, எஞ்சினைத் தாங்கும் இடம். புதிய எஞ்சினைப் பழைய கியர்பொக்ஸோடு சேர்க்க நடுவில் ஒரு தகடு செய்கிறார்கள். அது மயிரிழை விலகினாலும் கிளட்சும் கியர்பொக்ஸின் பெயாரிங்கும் சீக்கிரம் போகும். எஞ்சின் உட்காரும் தாங்கிகளைப் பழைய இரும்பில் வெல்டிங் வைத்தால் அந்த இரும்பு துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேடியேட்டர் போதுமானதா என்றும் பார்க்க வேண்டும். இவையெல்லாம் நல்ல பாஸ்மாருக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாததால் விடுபடவில்லை. "எஞ்சினை மட்டும் போட்டுக் கொடு, மிச்சத்தை பிறகு பார்ப்போம்" என்று நாம் சொல்வதால்தான் விடுபடுகிறது. அந்தப் பிறகு வருவதே இல்லை.

பத்திரமும் பிரேக் மாதிரித்தான்

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், எரிபொருள் வகை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அந்தப் பதிவையும் மாற்ற வேண்டும். பலர் செய்வதில்லை. செலவு, அலைச்சல், ஒரு நாள் சம்பளம் போகும் என்று விட்டுவிடுகிறார்கள்.

விட்டதன் விலையை 2022 இல் பார்த்தோம். அந்த வருடம் தொடங்கும்போது 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் ஜூன் கடைசியில் 460 ரூபாவானது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. வண்டியின் பதிவைப் பார்த்துத்தான் எண்ணெய். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய ஜீப், ஓடுவது டீசலில், புத்தகத்தில் இருப்பது பெட்ரோல். அவருக்கு உரிமையான பங்கு அவருடைய எஞ்சினுக்கு உதவாத எண்ணெயாக இருந்தது. கான் கானாக மற்றவர்களிடம் கடன் வாங்கி ஓட்டினார். அந்த நாட்களில் நோயாளி ஏற்ற ஆள் வந்தால் அவர் முதலில் கேட்டது "டீசல் இருக்கா?" என்றுதான்.

இது சின்னக் கஷ்டம். பெரிய கஷ்டம் விபத்து நடந்த பிறகு வரும். காப்புறுதி எடுக்கும்போது சொன்ன வண்டி ஒன்று, விபத்தில் சிக்கிய வண்டி இன்னொன்று என்றால், காப்புறுதிக் கொம்பனி கேள்வி கேட்கும். கேள்வி முடியும்வரை காயப்பட்டவர் கையில் காசு வராது. வேலைக்குக் கொண்டுபோகும் வழியில் தோட்டத்து வண்டி கவிழ்ந்தால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க வழியிருக்கிறது. ஆனால் எந்த வழக்கிலும் வண்டியின் பத்திரம் சரியாக இருந்தால் நம் பக்கம் பலம். பத்திரம் பிழையாக இருந்தால், பேச்சு நம் காயத்தை விட்டு எஞ்சின் இலக்கத்துக்குப் போய்விடும்.

எங்கள் அம்மாவின் விஷயத்தில் அதுதான் நடந்தது. தோளைப் பற்றிப் பேசப் போன இடத்தில் புத்தகத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்த அலைச்சலை நான் இன்னொரு குடும்பத்துக்கு விரும்பமாட்டேன்.

"இதுவும் இல்லாவிட்டால் என்ன செய்வது?"

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். நம் ஆட்களிடமிருந்தே வரும். "பிரேக், பத்திரம் என்று பேசி இருக்கிற வண்டியையும் நிறுத்திவிடாதே. நிர்வாகம் 'சரி, பாதுகாப்பு இல்லை, இனி ஜீப் தரமாட்டோம்' என்று சொல்லிவிட்டால் யார் கொண்டுபோவது?"

இந்தப் பயம் நியாயமானது. நானும் பயந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். வண்டி இல்லாத தோட்டத்தில் நோயாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். தாமதமாகிறது. பிரேக் இல்லாத வண்டியில் நோயாளியையும் கூடப்போகும் நாலு பேரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே அநியாயம். நாம் கேட்பது வண்டியை நிறுத்தச் சொல்லி அல்ல, வேலையை முடிக்கச் சொல்லி. எஞ்சினுக்கு இலட்சக்கணக்கில் எடுத்துக் கொடுக்க முடிந்த கைக்கு பிரேக் கட்டைக்கும் குழாய்க்கும் ஒயிலுக்கும் எடுத்துக் கொடுக்க முடியாது என்று சொல்ல இடமில்லை.

சொந்த ஜீப் வைத்து ஹயர் ஓடும் நம் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுத்தான். கொம்பனியிடம் கேட்பதை நாம் நம்மிடமும் கேட்க வேண்டும். கடன் வாங்கி எஞ்சின் போட்ட தம்பிக்கு மேலும் செலவு சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே பிரேக்குக்கும் பதிவுக்கும் எடுத்து வையுங்கள். கொஞ்சம் சின்ன எஞ்சின், கொஞ்சம் மலிவான எஞ்சின் எடுத்தாலும் பரவாயில்லை. வலு குறைந்த வண்டி மேட்டில் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

2025 மே 11 இல் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போனபோது நாடே பேசியது. மலைப்பாதையில் பள்ளம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை அந்த நாள் எல்லோருக்கும் காட்டியது. தோட்டத்து ஜீப் உரசி நின்றால் அது செய்தியில் வராது. ஆகவே அதை நாமே எழுத வேண்டும், நாமே கேட்க வேண்டும்.

சங்கம் செய்ய வேண்டியது

2021 இல் கொம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின, சம்பளம் சம்பள நிர்ணய சபைக்குப் போனது. சம்பளத்துக்கு ஒரு மேசை கிடைத்தது. நோயாளியை ஏற்றும் வண்டி, வேலைக்கு ஆள் ஏற்றும் லொறி, பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகும் டிரெக்டர், இவற்றுக்கு ஒரு மேசையும் இல்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் தோட்டத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். நான் முன்வைப்பது நாலு கோரிக்கை.

ஒன்று: ஆள் ஏற்றும் ஒவ்வொரு தோட்டத்து வண்டிக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிரேக், ஸ்டியரிங், டயர் பரிசோதனை. அதன் பிரதி கந்தோர் பலகையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு: எஞ்சின் மாற்றும்போது பிரேக் வேலையும் பதிவு மாற்றமும் அதே செலவுக் கணக்கில் சேர வேண்டும். அவை முடியாமல் ஆள் ஏற்றக் கூடாது.

மூன்று: "இந்த வண்டி ஓட்டத் தகுதியில்லை" என்று டிரைவர் சொன்னால் அவருடைய பெயர் வெட்டப்படக் கூடாது. எங்கள் டிரைவர் அண்ணன் மிதி அமுங்குவதைப் பற்றி இரண்டு தடவை சொல்லியிருந்தார். வாயால் சொன்னதற்கு அத்தாட்சி இல்லை. ஒரு கொப்பி வைத்து எழுதி ஒப்பம் வாங்குங்கள்.

நான்கு: கராஜில் வேலை செய்யும் நம் இளைஞர்களுக்குத் தகைமைச் சான்றிதழ். தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வீ.கியூ., வகுப்பில் உட்கார்ந்து படித்தவருக்கு மட்டும் உரியதல்ல. கையில் தொழில் உள்ளவரின் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழியும் அதில் உண்டு. நைட்டா போன்ற பயிற்சி நிறுவனங்களில் விசாரிக்கலாம். இதற்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலையைச் சங்கக் காரியாலயம் எடுக்க வேண்டும். சான்றிதழ் உள்ள பாஸ் "பிரேக் இல்லாமல் வண்டியை வெளியே விடமாட்டேன்" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு வேறு.

ஏறுமுன் ஒரு நிமிடம்

சங்கம் கேட்டு நிர்வாகம் செய்யும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஏறுமுன் டிரைவரிடம் கேளுங்கள். கோபமாக அல்ல, "அண்ணே, பிரேக்க ஒருக்கா மிதிச்சுக் காட்டுங்க" என்று. மிதியைப் பலமாக அமுக்கிப் பத்து வரை எண்ணட்டும். அந்த நேரத்துக்குள் மிதி மெல்ல மெல்ல உள்ளே போனால் எங்கோ கசிகிறது, அந்த வண்டி இறங்கக் கூடாது. பூஸ்டர் உள்ள வண்டியானால், எஞ்சினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யட்டும். மிதி கொஞ்சம் தானாகக் கீழே இறங்கினால் வெற்றிடம் வருகிறது. இறங்காவிட்டால் பம்பைப் பார்க்க வேண்டும். டயரின் உட்புறத்தில் ஒயில் வழிந்த ஈரம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இறக்கம் தொடங்குமுன் வண்டியை நிறுத்தி, சிவப்புக் குமிழ் லீவரைப் போட்டுச் சின்னக் கியரில் இறங்குவது கோழைத்தனமல்ல. பழைய டிரைவர்மார் எல்லோரும் அப்படித்தான் இறங்கினார்கள்.

எங்கள் ஜீப் இன்றும் ஓடுகிறது. கமிட்டி மூன்று தடவை கடிதம் கொடுத்த பிறகு நாலு சக்கரத்துக்கும் புதுக் கட்டை, புதுக் குழாய், புது ஒயில் போட்டார்கள். பதிவுப் புத்தகமும் திருத்தியாகிவிட்டது. அதற்கு யாரும் தேங்காய் உடைக்கவில்லை, பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓடவும் இல்லை. போன மாதம் அம்மாவை கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அம்மா ஏறுமுன் முன் கதவைப் பிடித்துக்கொண்டு டிரைவர் அண்ணனிடம் கேட்டார்: "தம்பி, பிரேக் பாத்தாச்சா?" அவர் சிரித்துக்கொண்டு மிதித்துக் காட்டினார். பத்து வரை எண்ணிவிட்டுத்தான் அம்மா ஏறினார்.